இருபது புளியங்கொட்டை: மட்டக்களப்பில் அளவோடு வாழ்வதைக் காட்டும் இடம் ஒன்றை அமைக்க

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கூரை நிறையச் சோலர் பனல் இருந்தது. ஊரோடு சேர்ந்து அந்த வீடும் இருட்டுத்தான். வீட்டுக்காரர் வாசலில் கதிரையைப் போட்டு, பனையோலை விசிறியால் வீசிக்கொண்டு, "இவ்வளவு காசு கொட்டியும் உங்களோடதான் இருக்கன்" என்று சிரிப்பார். எதிர்வீட்டு அம்மம்மாவோ பரணில் கிடந்த குப்பி விளக்கைத் துடைத்துத் திரி போட்டு, பொழுது படுவதற்கு முன்பே பேரப்பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்து முடித்துவிடுவார்.

இந்த இரண்டு வீட்டையும் ஒரே வளவுக்குள் கொண்டுவந்தால் என்ன என்ற யோசனையில்தான் தொடங்கினோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், நண்பர் ஒருவரின் ஒரு ஏக்கர் வளவு. வருகிறவர்கள் அரை நாள் தங்கி, அந்த வளவு விளைவிக்கும் மின்சாரம், பிடித்து வைத்த மழை, சாணத்திலிருந்து வரும் வாயு இவற்றை மட்டும் வைத்துச் சமைத்து, குளித்து, களைப்பாறிப் போகவேண்டும். வளவு தன் தேவைக்கு மேல் மின்சாரம் உண்டாக்கி வெளியேயும் அனுப்பவேண்டும். இப்படி ஒன்றைத் தாங்களும் தொடங்கலாமா என்று அம்பாறைப் பக்கமிருந்தும் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகவும், இனி யோசிக்கப்போகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் கொட்டை, பிறகு கட்டடம்

கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பலர் கட்டடப் படம் வரைய ஆள் தேடுவார்கள். வேண்டாம். வருகிற குடும்பத்துக்கு அரை நாளுக்கு எவ்வளவு கொடுக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

எங்கள் ஏற்பாடு இது. வாசலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிரட்டையில் 20 புளியங்கொட்டை. ஒரு கொட்டைக்கு ஒரு லீற்றர் கிணற்றுத் தண்ணீர், அல்லது 10 வாட்-மணி மின்சாரம். நூறு கொட்டை சேர்ந்தால் மீற்றரில் ஓடும் ஒரு யூனிட். 60 வாட் மின்விசிறி பத்து நிமிடம் சுழன்றால் ஒரு கொட்டை போய்விடும். கைபேசி சார்ஜ் பண்ண இரண்டு. மின் கேத்தலில் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்கவைக்கப் பத்து! உமி அடுப்பில் கொதிக்கவைத்தால் கொட்டையே தேவையில்லை, ஆனால் உமியை நீங்களே அடைக்கவேண்டும். குடிநீருக்கு மட்டும் கணக்கு இல்லை. தாகத்துக்கு விலை வைக்கும் இடம் எங்களுக்கு வேண்டாம்.

கொட்டை தீர்ந்தால் சம்பாதிக்கலாம். டைனமோ பூட்டிய சைக்கிள் இரண்டு மாமரத்தடியில் நிற்கிறது. பழக்கமில்லாத ஆள் மூச்சு வாங்காமல் மிதித்தால் 75 வாட் அளவுக்கு வரும். அந்தக் கணக்கில் எட்டு நிமிட மிதிக்கு ஒரு கொட்டை. கேத்தலில் ஐந்து பேருக்குத் தேநீர் ஊற்ற 80 நிமிடம் மிதிக்கவேண்டும்.

கல்முனையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் 12 வயதுப் பெடியன் ஒருவன் இந்தக் கணக்கை நம்பவில்லை. ஏறி மிதித்தான். இருபது நிமிடத்தில் இரண்டு கொட்டையோடு இறங்கி, சட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். கூட வந்த மூதாட்டி கேத்தலுக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "பத்துக் கொட்டையா? அத வையுங்க மனே, அந்த உமிய இங்கால எடுங்க" என்றார். அன்றைக்கு அங்கே பாடம் நடத்தியது அவர்தான். அடுப்பை எப்படி அடைப்பது என்று எங்கள் பொடியன்களுக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வளவின் அன்றைய இருப்பு முடிந்தால் முடிந்ததுதான். மின்விசிறி நிற்கட்டும். பின்னால் மறைவாக ஒரு வயர் இழுத்துச் சமாளித்தால் அது கூத்து, அதைப் பார்க்க யாரும் படுவான்கரைக்கு வரத் தேவையில்லை.

இருப்பை அறிவிக்கப் பெரிய திரை போடலாம் என்று ஒருவர் சொன்னார். அந்தத் திரையே மணிக்குப் பத்துக் கொட்டை தின்னும், உப்புக் காற்றில் எத்தனை நாளைக்கு உழைக்கும் என்றும் சொல்லமுடியாது. கரும்பலகையும் சோக்கும் வைத்தோம். காலை 10, பகல் 1, பின்னேரம் 4 மணிக்கு ஒரு பிள்ளை மீற்றரைப் பார்த்து எழுதுகிறது. ஆட்கள் பலகையை விட அந்தப் பிள்ளையைத்தான் பார்க்கிறார்கள்.

நிலத்தை ஒரு மாரி பாருங்கள்

காணி வாங்குவதற்கு முன், முடியாவிட்டால் கட்டுவதற்கு முன்னாவது, ஒரு மாரி முழுக்க அந்த நிலத்தைப் பாருங்கள். எங்கள் பக்கம் வருட மழை ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி நவம்பர் தொடக்கம் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். டிசம்பரில் வெள்ளம் எந்த மரம் வரைக்கும் ஏறுகிறது என்று பார்த்து, மரத்தில் பெயின்றால் கோடு போடுங்கள். பற்றரியும் இன்வேர்ட்டரும் அந்தக் கோட்டுக்கு ஒரு மீற்றராவது மேலே இருக்கவேண்டும். வைகாசியில் கச்சான் தொடங்கும்போது மறுபடி போய் நில்லுங்கள். மேற்கிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் வேம்பும் பூவரசும் நிற்கவேண்டும்.

வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் கடலுக்குக் கிட்ட வைத்தால் வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள், பாசிக்குடாவும் அறுகம்பையும் அப்படித்தான் நிறைகின்றன என்பார்கள். ஆனால் கரையிலிருந்து 300 மீற்றருக்குள் எது கட்டினாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உப்பு இரும்பைத் தின்னும். காணி விலையோ சொல்லத் தேவையில்லை. படுவான்கரையில் வேறு தொல்லை: யானை. கழிவுநீர் விடுவதற்கு வாழைப் பாத்தி போடச் சொல்லிப் பல இடங்களில் படித்திருப்பீர்கள். வெல்லாவெளிப் பக்கம் அதைச் செய்தால் யானைக்கு வெற்றிலை வைத்து அழைத்த மாதிரி. அங்கே கல்வாழையும் புல்லும் போதும்.

காணிக்கு உறுதி இருக்கிறதா, அனுமதிப்பத்திரக் காணியா என்பதைப் பிரதேச செயலகத்தில் முதல் நாளே கேளுங்கள். அனுமதிப்பத்திரக் காணியில் பயிர் செய்யத் தந்த இடத்தைச் சுற்றுலாவுக்கு மாற்ற வேறு ஒப்புதல் வேண்டும்.

தண்ணீர்

இங்கேதான் கொஞ்சம் நிற்கவேண்டும். எங்கள் ஊரில் தண்ணீர் இருக்கிறது என்ற நினைப்புத்தான் பெரிய ஆபத்து. மணலில் இரண்டு முழம் தோண்டினால் பூவல் ஊறும், கையால் அள்ளிக் குடிக்கலாம். ஆனால் அந்த நன்னீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மெல்லிய ஆடை மாதிரி. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கணக்கு அப்படியே திரும்பியும் வேலை செய்யும். பெரிய மோட்டர் போட்டு மேல் மட்டத்தை ஒரு அடி இறக்கினால், அடியிலிருக்கும் உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பிறகு உப்பான கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்யப்போய், இன்னும் உப்பாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

ஆகவே கிணற்றுக்குச் சின்ன மோட்டர், அதுவும் வெயில் நேரத்தில் பனலிலிருந்து மெதுவாக. கையில் பிடிக்கும் உப்பு மீற்றர் ஒன்று வாங்கி வாரத்துக்கு ஒரு முறை அளந்து கரும்பலகையில் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு துலாவும் நாட்டுங்கள். பழம்பொருள் காட்டவென்று இல்லை, கணக்குக் காட்ட. 10 லீற்றர் வாளியை 4 மீற்றர் ஆழத்திலிருந்து தூக்க எவ்வளவு சக்தி வேண்டும் தெரியுமா? ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சக்தியில் அந்த வாளியை ஏறக்குறைய 750 தடவை தூக்கிவிடலாம். தூக்குவது மலிவு, சூடாக்குவதுதான் விலை. துலாவில் பத்து வாளி இறைத்துக் களைத்தவரிடம் இதைச் சொன்னால், மறுகா அவர் கேத்தலைப் பார்க்கும் பார்வையே வேறு.

குடிக்கவும் சமைக்கவும் மழைநீர். 100 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் 100 லீற்றர். சிந்தியது, தெறித்தது போக 80 கைக்கு வரும். வருடத்துக்கு 128,000 லீற்றர் என்று கேட்டால் பெருமையாக இருக்கும். ஆனால் மழை பெய்வது மூன்று நான்கு மாதம், தாகம் பன்னிரண்டு மாதம். ஆகவே கூரையின் அளவைவிடத் தாங்கியின் அளவுதான் முக்கியம். நாங்கள் போட்ட கணக்கு: ஒரு நாளைக்கு 40 பேர், ஆளுக்கு 2 லீற்றர் குடிநீர், குசினிக்கு 60, மொத்தம் 140 லீற்றர். மார்ச் தொடக்கம் செப்டெம்பர் வரை ஏறக்குறைய 210 நாள். 29,400 லீற்றர். 10,000 லீற்றர் சிமெந்துத் தாங்கி மூன்று. மாரி பிழைக்காவிட்டால் நவம்பரும் டிசம்பரும் அவற்றை நிரப்பிவிடும்.

ஒரு நாளைக்கு 40 பேர்தான் என்ற எல்லை இப்படித்தான் வந்தது. நாற்பத்தோராவது ஆளை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவது கஷ்டந்தான். ஆனால் ஏன் திருப்புகிறோம் என்று தாங்கியைக் காட்டிச் சொன்னால் அநேகமாகக் கோபிக்கமாட்டார்கள்.

முதல் மழை கூரையைக் கழுவிக்கொண்டு வரும். காக்கை எச்சம், தூசி, சருகு எல்லாம் அதில் இருக்கும். முதல் 100 லீற்றரைத் தனியே பிடித்து வெளியே விடும் பைப் ஒன்றைப் பீலியோடு பொருத்துங்கள். தாங்கியின் எல்லா வாய்க்கும் நுளம்பு வலை. டெங்கு பரப்பும் கண்காட்சி யாருக்கும் வேண்டாம்.

மலசலகூடம் பற்றி வெட்கப்படாமல் பேசவேண்டும். நிலத்தடி நீர் இவ்வளவு மேலே இருக்கிற இடத்தில் சாதாரணக் குழி, கிணற்றோடு கலந்துவிடும். கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி வையுங்கள். முடிந்தால் நிலத்துக்கு மேலே கட்டிய, சாம்பல் போடும் உலர் மலசலகூடம் வையுங்கள். உமிச் சாம்பலுக்கு இங்கே பஞ்சமில்லை. வாசம் வருமா என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் வராது. பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், சம்பளத்தோடு.

மின்சாரம்: கேட்பதை எழுதுங்கள், பிறகு பனலை எண்ணுங்கள்

எங்கள் வளவு ஒரு நாளைக்குக் கேட்பது: எல்இடி பல்ப் 20, மாலை நான்கு மணித்தியாலம், 0.7 யூனிட். குறைந்த வாட் மின்விசிறி ஆறு, 1.3 யூனிட். குளிர்சாதனப் பெட்டி 1.2. மோட்டர் 0.75. கணினி, கைபேசி, மற்றச் சில்லறை 0.8. எல்லாம் ஐந்துக்குள் அடங்கும். சாதாரண 60 வாட் மின்விசிறியே போட்டிருந்தால் ஆறு தாண்டியிருக்கும். ஏசி ஒன்றைப் பூட்டினால் அது தனியே இந்த முழுக் கணக்கையும் தின்றுவிடும். ஆகவே ஏசி இல்லை. யார் எவ்வளவு வேர்த்தாலும்.

ஒரு கிலோவாட் பனல் இங்கே சராசரியாக நாளுக்கு 3.5 தொடக்கம் 4 யூனிட் தரும். 5 கிலோவாட் போட்டால் 18 யூனிட் பக்கம். ஐந்து உள்ளே, மிச்சம் வெளியே. 550 வாட் பனல் ஒன்பது போதும், 25 சதுர மீற்றர் கூரை. டிசம்பர் மப்பு நாளில் இதே பனல்கள் ஐந்து ஆறு யூனிட்டோடு நின்றுவிடலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

பனல் தெற்கே பார்க்கட்டும். நாங்கள் பூமத்தியரேகைக்குக் கிட்ட இருப்பதால் சரிவு 10 பாகை போதும். அதற்குக் குறைத்தால் மழை தூசியைக் கழுவாது. ஒரு பனலில் நிழல் விழுந்தால் அதோடு தொடுத்த மற்றவையும் சோர்ந்துவிடும். தென்னைக்குக் கீழே வைக்கவேண்டாம் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். நிழல் பற்றிச் சொன்னால் கேட்கமாட்டார்கள், தேங்காய் விழுந்த பிறகு கேட்பார்கள்.

எங்களுக்கு வந்த கேடு போல்ட்டில். துருப்பிடிக்காது என்று ஒரு கடையில் தந்ததை நம்பி வாங்கினோம். பதினான்காம் மாதம் பனலின் கரையிலிருந்து காவி நிறத்தில் கோடு கோடாக ஒழுகியிருந்தது. தொட்டால் தலை கையோடு வந்தது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பூட்டியதில் இரண்டு நாளும் நிறையக் காசும் போயிற்று. கடற்கரைக் காற்றுப் படும் இடத்துக்கு 316 ரக ஸ்டீல்தான். கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். இறுக்கமாக ஒட்டினால் அது வேண்டாம்.

சரி, அந்த இருட்டு வீட்டுக்கு வருவோம். கூரை நிறையப் பனல் இருந்தும் ஏன் இருட்டு? மின்சார சபைக் கம்பியோடு இணைந்த சாதாரண இன்வேர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். அது பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு உங்கள் கூரை மின்சாரம் அடித்துவிடும். உங்கள் வளவு தன் காலில் நிற்கவேண்டுமானால், பற்றரியோடு சேர்ந்த, கம்பியிலிருந்து தன்னைக் கழற்றிக்கொண்டு உள்ளே மட்டும் ஓடக்கூடிய இன்வேர்ட்டர் வேண்டும். விலை கூட. ஆனால் உங்கள் இடத்தின் கதையே அதுதான் என்பதால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "கரண்ட் போனா இது ஓடுமா?" நேராக ஓம் என்று சொல்லாவிட்டால் அடுத்த கடை.

பற்றரிக்கு லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று ரகம் எடுங்கள். 10 யூனிட் கொள்ளளவு எங்களுக்கு இரண்டு நாள் தாங்கும். ஈயப் பற்றரி மலிவுதான், ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். ஆகவே இரட்டிப்பு வாங்கவேண்டி வரும்.

வெளியே அனுப்பும் மின்சாரத்துக்கு முக்கியமாக மூன்று வழி இருக்கிறது. நிகர மீற்றர் முறையில் அனுப்பிய யூனிட் உங்கள் கணக்கில் வரவாகும், காசு வராது. நிகரக் கணக்கு முறையில் மிஞ்சியதற்குக் காசு வரும். மூன்றாவதில் உண்டாக்குவது முழுவதையும் விற்று, பாவிப்பதற்குத் தனியே பில் கட்டுவீர்கள். அளவோடு வாழ்வதைக் காட்டும் இடத்துக்கு இரண்டாவதுதான் பொருத்தம். விலை மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கும் அன்று கேளுங்கள். பனல் வாங்குவதற்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுங்கள். உங்கள் பகுதி ட்ரான்ஸ்போமரில் இடம் இல்லாவிட்டால், வாங்கிய பனலைக் கூரையில் பரப்பி வைத்துக் காத்திருக்கவேண்டி வரும்.

காற்றாலை? எல்லோரும் கேட்பார்கள், சுழல்வது கண்ணுக்கு அழகு. மன்னாரில் 30 காற்றாலை நாட்டி 100 மெகாவாட் எடுக்கிறார்கள், அது வேறு காற்று. வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். மரங்களுக்கு நடுவே, வீட்டுக் கூரை உயரத்தில் கிடைக்கும் காற்றுக்குச் சின்னக் காற்றாலை போட்ட காசைத் திருப்பித் தராது. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்களிடம் கேட்டால் கம்பம் நாட்டும் ஆசையும் அடங்கிவிடும். பிள்ளைகளுக்கு ஓலையில் காற்றாடி செய்து கொடுங்கள்.

குசினி

நூறு கிலோ நெல் குற்றினால் 20 கிலோ உமி. அம்பாறை மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மில்லுகளுக்குப் பின்னால் மலையாகக் கிடக்கிறது. பழைய பால்மாத் தகரத்தின் அடிப்பக்கம் ஒரு துளை, நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவர உமியைக் கொஞ்சம் மரத்தூளோடு கலந்து இறுக்கி அடைத்து, போத்தலை மெதுவாகச் சுழற்றி உருவி எடுங்கள். நடுவில் ஒரு குழல் மாதிரி ஓட்டை நிற்கும். கீழ்த் துளையால் பற்றவைத்தால் மணிக்கணக்கில் எரியும். 2022இல் காஸ் வரிசையில் நின்று களைத்த எத்தனையோ வீடுகளில் இது திரும்பி வந்தது. அடைப்பு இளகினால் ஓட்டை இடிந்து புகைதான் வரும். முதல் இரண்டு முறை எல்லோருக்கும் இடியும்.

மாடு நான்கு ஐந்து கட்டினால் சாணவாயுக் கிணறு ஒன்று போடலாம். 20 கிலோ சாணத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் அடுப்பு எரியும். தேநீருக்கும் பால் காய்ச்சவும் போதும், 40 பேருக்குச் சோறாக்கப் போதாது. எருமைத் தயிருக்குப் பேர்போன ஊரில் பக்கத்து மாட்டுக்காரரிடமே சாணம் வாங்கலாம், கழிவுக் கரைசலை அவர் வயலுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். இதைச் சொந்தமாக மாடு வாங்காமல் தொடங்குவதே புத்தி.

தமிழ்நாட்டில் புதுச்சேரிக்குப் பக்கத்து ஆரோவில்லில் குசினிக்கு நீராவி தர 15 மீற்றர் விட்டத்தில் சூரியக் கிண்ணம் ஒன்று கட்டினார்கள். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருவன். பெரும் பந்திக்கு அது சரி. நமக்குக் கண்ணாடி மூடிய பெட்டி அடுப்பு இரண்டு போதும், பருப்பு பகலுக்குள் அவிந்துவிடும்.

மண்பானைக்குள் பானை வைத்து, நடுவே ஈர மணல் போட்டுக் காய்கறியைக் குளிர வைக்கும் முறையையும் காட்டுங்கள். ஆனால் எப்போது காட்டுவது என்பது முக்கியம். கச்சான் அடிக்கும் உலர்ந்த மாதங்களில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். மார்கழியில் காற்றே ஈரம், அப்போது அது வெறும் பானைதான். அதைப் பலகையில் எழுதியும் வையுங்கள்.

கட்டடமும் கண்காட்சியும்

நீளப்பக்கம் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும், குறுகிய பக்கம் மேற்கே. அகலமான விறாந்தை. சுவருக்கு அமுக்கிய மண்கல். கிடுகுக் கூரை குளிர்ச்சிதான், ஆனால் வருடம் இரண்டில் மாற்றவேண்டும், மழைநீரும் நிறம் மாறும். மழை பிடிக்கும் கூரைக்கு ஓடு அல்லது தகரம், ஆட்கள் உட்காரும் கொட்டிலுக்குக் கிடுகு. இவ்வளவுதான், மேசன்மாருக்கு மிச்சம் தெரியும்.

காட்சிப் பொருளுக்குக் கொழும்புக்கு ஓடவேண்டாம். போருக்குப் பிறகுதான் மின்கம்பி வந்த ஊர்கள் படுவான்கரையில் பல. அந்த வீடுகளில் குப்பி விளக்கு, உறி, திருகை, சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட வயர்த்துண்டு எல்லாம் இன்னும் கிடக்கும். பொருளை மட்டும் வாங்கி வராதீர்கள், மாதத்தில் ஒரு நாள் அந்த மனிதரையும் வரச்சொல்லுங்கள், கூலி கொடுத்து. பௌர்ணமிப் போயா இரவுகளில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வாவிக்கரையில் பாய் விரியுங்கள். நிலவுக்குக் கொட்டை தேவையில்லை. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்ற பேச்சு உண்மையா என்று கேட்பார்கள். கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய்த் துடுப்பில் காது வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.

தாள் வேலை

பிரதேச சபையில் கட்டட அனுமதி, கரையோர எல்லைக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகார சபைப் பிரதேசமா என்று ஒரு விசாரிப்பு, கழிவுநீருக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை, பிறகு சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு. கண்டல் மரத்தில் கை வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன் கிராம சேவையாளரைச் சந்தித்து வளவுக்குக் கூட்டிவந்து ஒரு தேநீர் கொடுங்கள், எந்த அலுவலகத்துக்கு எந்தக் கிழமை போகவேண்டும் என்று அவர் சொல்வார். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பிள்ளைகள் தங்கள் ஆய்வுக்கு இடம் தேடுவார்கள். அளப்பதற்கு அவர்கள், அளக்கப்படுவதற்கு உங்கள் வளவு.

காசு

மின்சாரம் விற்றுப் பிழைக்கலாம் என்று கனவு காணாதீர்கள். நாளுக்கு 13 யூனிட் விற்று வரும் காசு ஒரு ஆளின் சம்பளத்துக்கே காணாது. இங்கிலாந்தில் டொன்காஸ்டருக்குப் பக்கத்தில், மூடிய நிலக்கரிச் சுரங்க நிலத்தில், இதே கருத்தோடு 'ஏர்த் சென்டர்' என்று பெருஞ்செலவில் ஒன்று கட்டினார்கள். 1999இல் திறந்து, எதிர்பார்த்த கூட்டம் வராமல் 2004இல் மூடினார்கள். வேல்ஸில் மாற்றுத் தொழில்நுட்ப மையம் 1973இல் கைவிட்ட சிலேட் குவாரியில் சில பேரோடு தொடங்கியது. அது ஐம்பது வருடம் தாக்குப்பிடித்தது. ஆனால் அவர்களும் செலவு தாங்காமல் 2023இல் நாளாந்தப் பார்வையாளருக்குக் கதவைச் சாத்திவிட்டுப் படிப்பிப்பதோடு நின்றுகொண்டார்கள்.

நமக்கு 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி. மூன்று தடவை வெளிநாட்டு ஆட்களின் வரவு சடாரென்று விழுந்தது. ஆகவே வெளிநாட்டவர் ஒருவர்கூட வராத மாதத்திலும் ஓடும்படி கணக்குப் போடுங்கள். எங்களுக்குச் சோறு போடுவது பாடசாலைச் சுற்றுலாக்களும், சனி ஞாயிறில் உதயதேவி ரயிலில் வந்திறங்கும் குடும்பங்களும், வயரிங், மழைத்தாங்கி கட்டுதல் பற்றிய இரண்டு நாள் வகுப்புகளும்தான். பற்றரிக்கும் இன்வேர்ட்டருக்கும் மாதாமாதம் ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். பத்து வருடத்தில் மாற்றவேண்டி வரும், அன்றைக்கு யாரும் கடன் தரமாட்டார்கள்.

திறப்பு

நல்ல நாள் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நான் சொல்வது நவம்பர் நடுப்பகுதி. மப்பு, மழை, மின்சாரம் குறைவு, பாதை சேறு. ஊர்க்காரர்களை மட்டும் இலவசமாகக் கூப்பிட்டு ஒரு கிழமை நடத்திப் பாருங்கள். எங்களுக்கு இரண்டாம் நாள் பின்னேரம் மூன்றரைக்கே பலகையில் பூச்சியம் எழுதவேண்டி வந்தது. எல்லோரும் விறாந்தைக்கு வந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒரு மாமி பாக்கு வெட்டத் தொடங்க, கதை ஆறரை மணி வரைக்கும் போயிற்று.

புளியங்கொட்டையைச் சிறு பிள்ளைகள் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். எங்களுக்கு மாதம் ஒரு கிலோ குறைகிறது. புளி உடைக்கும் காலத்தில் வருடத்துக்குத் தேவையானதை வாங்கி, கழுவிக் காயவைத்து, மூடியுள்ள தகரத்தில் வையுங்கள். எலி விடாது.